மீன் வியாபாரியின் வம்சம்: ஸ்காட்லாந்தில் எந்தப் பதிவேட்டை முதலில் புரட்டுவது?

ஹெர்ரிங் மீனுக்கு உப்பு போட்டு, பீப்பாயில் அடைத்து, பால்டிக் துறைமுகங்களுக்குக் கப்பலேற்றிய வியாபாரிகள் விக், பீட்டர்ஹெட், பக்கி என்று ஸ்காட்லாந்தின் கரையோரம் நெடுக இருந்தார்கள். அப்படி ஒருவரின் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரே தாளில் வீடே கிடைத்துவிடுகிறதே! ஆனால் 1841 தாளை நம்பி வயது கணக்குப் போடாதீர்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதுவது அப்போதைய விதி; 39 வயதுக்காரி 35 ஆகியிருப்பாள். பிறந்த ஊரும் இருக்காது, அதே கவுன்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தவரா இல்லையா என்பதோடு சரி. ஊர்ப்பெயர் 1851இல்தான் வருகிறது.

என் ஓட்டு இறப்புப் பதிவுக்கு. அரசுப் பதிவு தொடங்கிய 1855 முதலே இறந்தவரின் தாய், தந்தை இருவர் பெயரும் அதில் உண்டு. தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் சேர்த்து. ஒரே தாளில் ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம். அக்கால இங்கிலாந்துப் பதிவில் இந்த வசதி கிடையாது. தகவல் சொன்னவர் மருமகனாக இருந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். மாமனாரின் அம்மா பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1855க்கு முன்னால் என்றால் திருச்சபைப் பதிவேடுதான் கதி. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்து பலர் புதிதாகப் பிரிந்த சுதந்திர சபைக்குப் போய்விட்டதால் அதிலும் ஓட்டைகள்.

பக்கி பக்கத்து மீனவ ஊர்களில் இன்னொரு தலைவலி: நாலைந்து குடும்பப் பெயர்களே ஊர் முழுக்க. பட்டப்பெயர் வைத்துத்தான் ஆளைப் பிரித்தார்கள். இங்கே 1855இலிருந்து ஆண்டுதோறும் எழுதப்பட்ட சொத்து மதிப்பீட்டுப் பதிவேடு கைகொடுக்கும். மீன் பதனிடும் முற்றம் யார் பெயரில் இருந்தது என்று பார்த்தால் ஆள் பிடிபடுவார். மனைவி மக்களை அதில் தேடக் கூடாது.

பலர் தொடாத சுரங்கம் திவால் வழக்கின் ஆவணக் கட்டுகள். சீசனுக்கு முன்பே படகுகள் பிடிக்கப்போகும் மீனுக்கு விலை பேசி முன்பணம் கொடுப்பது மீன் வியாபாரிகளின் வழக்கம். 1884இல் ஹெர்ரிங் விலை சரிந்ததும் பலர் மூழ்கினார்கள். அரசு அறிவிப்பு இதழான எடின்பரோ கெசட்டில் திவால் அறிவிப்பைப் பிடித்து, ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டைக் கேட்டு வாங்கினால், கடன்காரர் பட்டியலில் படகுக்காரர், உப்பு வியாபாரி, பீப்பாய்த் தச்சர் என்று வரிசையாக வருவார்கள். நடுவே மச்சான் ஒருவர் பெயரும் தட்டுப்பட்டால் பெண் எடுத்த வீடு தெரிந்துவிடும். நொடிக்காத வியாபாரிக்கு இந்தக் கட்டே இருக்காது. அவருக்கு உயிலைத்தான் தேட வேண்டும்.