கைப்பேசியில் அலறும் அவசர எச்சரிக்கை: ஒரு மதிப்பீடு

பேரிடர் நெருங்கும் வேளையில் கைப்பேசியின் திரையை மறித்து, பெரும்பாலும் ஒலி அடக்கப்பட்ட நிலையிலும் அலறும் எச்சரிக்கையை ஒரு பொதுச் சேவையாக எடைபோட்டால், மக்களைச் சென்றடையும் வேலையை அது மிகச் சிறப்பாகச் செய்கிறது. சென்றடைந்தபின் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பதில்தான் தடுமாறுகிறது.

செல் பிராட்காஸ்ட் எனப்படும் இம்முறையில் குறுஞ்செய்தியைப் போல ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பப்படுவதில்லை. ஆபத்துள்ள பகுதியின் கைப்பேசிக் கோபுரங்கள் வானொலி நிலையங்களைப் போலச் செய்தியைப் பரப்ப, அவற்றின் எல்லைக்குள் இயங்கும் கைப்பேசிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அதைப் பெறுகின்றன. செயலி எதையும் நிறுவ வேண்டியதில்லை. யாருடைய எண்ணும் அனுப்புபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவ்வழியே பயணம் செய்துகொண்டிருப்பவருக்கும் செய்தி கிடைத்துவிடும். எல்லோரும் உறவினரை அழைக்க முயன்று அழைப்புகள் இணைய மறுக்கும் நேரத்திலும் இது நெரிசலில் சிக்குவதில்லை என்பதே இதன் தலையாய சிறப்பு. 2021 ஜூலையில் ஜெர்மனியில் 180க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தின்போது அந்நாட்டில் இந்த வசதி இருக்கவில்லை. 2023 பிப்ரவரியில்தான் அது நடைமுறைக்கு வந்தது.

செய்தியின் வாசகத்துக்கு இதே அளவு பாராட்டைத் தர இயலவில்லை. அமெரிக்காவில் 2012இல் இச்சேவை தொடங்கியபோது ஒரு செய்திக்கு 90 எழுத்துகளே அனுமதிக்கப்பட்டன. 2019இல்தான் புதிய கைப்பேசிகளுக்கு அந்த வரம்பு 360 ஆக உயர்ந்தது. எந்த ஆபத்து, எந்த இடத்தில், எப்போதுவரை, என்ன செய்ய வேண்டும், சொல்வது யார் என்ற ஐந்துக்கும் 360 எழுத்துகள் போதும். ஆனால் “விழிப்புடன் இருக்கவும்” என்று மட்டும் முடியும் செய்தி, உறங்குபவரை எழுப்பிவிட்டு, எழுந்தவர் வீட்டிலேயே இருப்பதா மேட்டுப்பகுதிக்குச் செல்வதா என்பதை அவரிடமே விட்டுவிடுகிறது. பதற்றத்தில் “சரி” என்பதை அழுத்தியவர் அதே செய்தியை மறுபடி படிக்க, பல கைப்பேசிகளில் அமைப்புகளுக்குள் நுழைந்து தேட வேண்டியிருப்பதும் எரிச்சலூட்டும் குறையே.

இதைவிடப் பெரிய குறை, தவறாகச் சென்ற செய்தியைத் திருத்துவதில் இருக்கிறது. 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் தீவுகளில், ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள், இது ஒத்திகை அன்று என்ற பொய்யான எச்சரிக்கை கைப்பேசிகளுக்குச் சென்றது. அது தவறு என்ற செய்தி அதே வழியில் வந்துசேர 38 நிமிடங்கள் ஆயின. பரப்புவதற்கு நொடிகளே போதும் என்று பெருமைப்படும் தொழில்நுட்பத்தின் பின்னால், திருத்தத்தை யார் எழுதி யார் ஒப்புதல் தருவது என்ற ஏற்பாடு ஆயத்தமாக இருக்கவில்லை. இவ்வளவு உரக்கப் பேசும் சேவைக்கு இது சிறிய குறையாகாது.

எல்லையைத் துல்லியமாக வரைவதிலும் சிக்கல் உண்டு. ஒரு கோபுரத்தின் வீச்சு வெள்ளக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதால், ஆபத்தில்லாத பக்கத்து ஊருக்கும் அலறல் கேட்கும். அனுப்பிய எல்லைக்குள் தான் இருக்கிறதா என்பதைக் கைப்பேசியே சரிபார்த்துக்கொள்ளும் வசதி இதைக் கணிசமாகக் குறைக்கிறது, ஆனால் பழைய கருவிகளில் அது இல்லை. தேவையற்ற எச்சரிக்கைகளால் சலித்துப்போனவர்கள் அமைப்புகளில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவதையே நான் மிகவும் அஞ்சுகிறேன்.

கோபுரத்துக்கு மின்சாரம் நின்று, மாற்று மின்கலமும் தீர்ந்துவிட்டால் இச்சேவையும் நின்றுவிடும். அப்போது தொலைவிலுள்ள ஒலிபரப்பு நிலையத்தைப் பிடிக்கும் சிறிய வானொலிப் பெட்டிதான் கைகொடுக்கும். ஆகவே இச்சேவையை முதல் எச்சரிக்கை மணியாக முழுமனத்துடன் பரிந்துரைக்கிறேன். ஆனால் மணி அடித்த பிறகான மணிநேரங்களுக்கு மின்கலத்தில் இயங்கும் வானொலியும், அதற்கான மாற்று மின்கலங்களும் வீட்டில் இருக்க வேண்டும்.