வெட்ராப் 5 செ.மீ. ரோல்: ட்யூ கிளா காயத்துக்கு எந்த அளவு கைகொடுக்கும்?

நாயின் முன்னங்காலில், பாதத்துக்குச் சற்று மேலே உட்பக்கமாகத் தனித்து நிற்கும் கட்டைவிரல் நகம்தான் ட்யூ கிளா. சாதாரணமாக நடக்கும்போது அது தரையில் படுவதில்லை. அதனால் தேயாமல் வளைந்து வளர்ந்து, மிதியடியிலோ வேலிக் கம்பியிலோ மாட்டிக்கொள்கிறது. நாய் காலை வெடுக்கென்று இழுத்தால் நகம் பிளக்கும், இல்லையென்றால் வேரோடு பெயரும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்ட நாய்கள் முழு வேகத்தில் திரும்பும்போது இந்த விரலையும் மண்ணில் ஊன்றுவதால் அவற்றுக்கு ஆபத்து கூடுதல்.

இந்த இடத்தில் கட்டு நிற்பது சிரமம். பிளாஸ்திரி முடியில் ஒட்டாது. ஒட்டினாலும் பிரிக்கும்போது முடியோடு வரும். கிரேப் பேண்டேஜின் உலோகக் கொக்கியை நாய் கடித்து விழுங்கிவிடலாம். தன்மேல் மட்டுமே ஒட்டி, முடியில் ஒட்டாத இழுபடும் கட்டுத்துணியான வெட்ராப் இங்கேதான் மற்றவற்றை மிஞ்சுகிறது. கத்தரிக்கோல் வேண்டாம், கையாலேயே கிழியும். 10 செ.மீ. அகலமும் கிடைக்கும், அது மாட்டுக்கும் குதிரைக்கும் சரி. லேப்ரடார் அளவு வரையிலான நாய்க்கு 5 செ.மீ. ரோலே போதும். அகல ரோல் மணிக்கட்டில் மடிந்து, அந்த மடிப்பே தோலை அறுக்கும்.

இது மேலுறை மட்டுமே, மருந்தல்ல. ரத்தத்தை நிறுத்தும் வேலையை இதற்குக் கொடுக்காதீர்கள். சுத்தமான துணியையோ காஸையோ (மெல்லிய மருத்துவ வலைத்துணி) வைத்து 5 முதல் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது கலைந்துவிடும். நகத்தின் நுனி மட்டும் உடைந்திருந்தால் ரத்தத்தை உறையவைக்கும் ஸ்டிப்டிக் பவுடரை ஒரு சிட்டிகை வைத்து அழுத்தலாம். நகம் பெயர்ந்து சதை தெரிகிற இடத்தில் அந்தப் பவுடர் கூடாது, தீயாய் எரியும். காப்பிப்பொடியும் மஞ்சளும் அடுப்படியிலேயே இருக்கட்டும். அப்பிவைத்தால் காயத்தின் ஆழம் தெரியாது, மருத்துவர் அதைக் கழுவி எடுக்கும்போது மறுபடி வலி.

கழுவ உப்புநீர் போதும், இல்லையென்றால் நீர்த்த போவிடோன் அயோடின். 5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கொதித்து ஆறிய தண்ணீர்; வெளிர் டீ நிறம் வந்தால் சரி. ஹைட்ரஜன் பெராக்சைடும் டெட்டாலும் வேண்டாம். அதன் பிறகு ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

இனி கட்டு. காயத்தின்மேல் ஒட்டாத டிரெஸ்ஸிங். ட்யூ கிளாவுக்கும் காலுக்கும் நடுவே ஒரு துண்டுப் பஞ்சு. இதை விட்டால் கட்டின் அழுத்தத்தில் அந்த நகமே காலில் குத்திப் புதுப் புண் போடும். விரலிடுக்குகளிலும் கொஞ்சம் பஞ்சு. பிறகு பஞ்சுச் சுருளை இரண்டு மூன்று அடுக்கு, அதன்மேல் காஸ், கடைசியாக வெட்ராப். பலரும் மணிக்கட்டில் மட்டும் வளையம்போல் சுற்றிவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு. கீழே பாதத்திலிருந்து ரத்தம் மேலேற வழியில்லாமல் பாதம் பந்துபோல் வீங்கும். விரல்களிலிருந்து தொடங்கி முன்கையின் நடுப்பகுதி வரை ஏறிப் போக வேண்டும். நடு இரண்டு விரல்களின் நுனி மட்டும் வெளியே தெரியட்டும்.

இந்தப் பொருளின் உண்மையான ஆபத்து அதன் இழுவிசை. ரோலிலிருந்து நேராகச் சுற்றினால், சுற்றியபின் அது சுருங்கி இறுக்கும். தேவையான நீளத்தை முதலில் உருவி, தளர்வாக மறுபடி சுருட்டிவிட்டுச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடட்டும். துணியின் மேலுள்ள சுருக்கங்கள் தெரியும்வரை இழுப்பு சரி, வழுவழுப்பாகிவிட்டால் அதிகம். கடைசி நாலு விரற்கடையை இழுக்காமல் ஒட்டுங்கள். மேல்விளிம்பில் பஞ்சு ஒரு செ.மீ. வெளியே நிற்க வேண்டும், ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். கட்டு வழுக்கி இறங்கும் நாய்க்கு, பாதி கட்டிலும் பாதி முடியிலுமாக ஒரு சுற்று சர்ஜிக்கல் டேப்.

கால்மணி நேரம் கழித்து விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தாலோ, இரண்டு நகங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றாலோ உடனே பிரித்துவிடுங்கள். நாய் கட்டை விடாமல் கடிப்பதும் பல நேரம் இறுக்கத்தின் புகார்தான், குறும்பல்ல. மற்றபடி தினமும் மாற்ற வேண்டும். நனைந்தால் அந்தக் கணமே. மழையில் வெளியே கூட்டிப்போகும்போது பாலித்தீன் உறை போடலாம், வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள். உள்ளே வியர்த்தாலும் ஈரம் ஈரம்தான். நம் ஊர் ஈக்கள் ஈரக் கட்டை விடாது, புழு வைக்க அதிக நேரம் ஆகாது. வாய் கட்டுக்கு எட்டாதபடி கழுத்தில் மாட்டும் கூம்புக் காலர் இல்லாமல் எந்தக் கட்டும் நிற்காது. அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

நகம் பாதி பெயர்ந்து தொங்கினால் வீட்டில் வெட்டவோ பிடுங்கவோ வேண்டாம். உள்ளே நரம்பு இருக்கிறது. நாய் கடிக்கும், உங்கள் நாயே ஆனாலும். வாயைக் காஸால் கட்டியோ வாய்க்கூடு போட்டோதான் தொட வேண்டும். கடி பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிக்கு அன்றே போக வேண்டும். தொங்கும் நகத்தை மருத்துவர் மயக்கமோ மரப்போ கொடுத்து எடுப்பார். 15 நிமிடத்துக்கு மேலும் ரத்தம் நிற்கவில்லை, விரல் தொளதொளவென்று ஆடுகிறது, மறுநாள் வீக்கமோ நாற்றமோ இருக்கிறது என்றாலும் கட்டுப்போட்டுக் காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்த மனித மருந்துகளால் நாய்க்கு ஈரலும் சிறுநீரகமும் கெடலாம். புது நகம் முளைக்க மாதங்கள் ஆகும், சில நேரம் கோணலாகவும் வரும்.

குறைகள் என்றால், சாதாரண வெட்ராப்பில் லேடெக்ஸ் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் இல்லாத ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை பிரித்த துண்டு மறுபடி சரியாக ஒட்டாது, அதனால் தினம் மாற்றினால் ரோல் வேகமாகத் தீரும். பெயர் தெரியாத மலிவு ரோல்களும் மோசமில்லை, ஆனால் ஒட்டும் பலம் ரோலுக்கு ரோல் மாறும். ஒன்று வாங்கி உங்கள் விரலில் சுற்றி, கையை நாலு தரம் உதறிப் பாருங்கள்; நுனி கிளம்பினால் அடுத்ததை வாங்காதீர்கள். எந்த ரோலானாலும் காரிலோ வெயில் படும் ஜன்னலிலோ வைத்தால் லேடெக்ஸ் கெட்டு அடுக்குகள் ஒன்றோடொன்று பிசினாக ஒட்டிக்கொள்ளும். உறை பிரிக்காத இரண்டு ரோல், அலமாரியின் நிழலில்.