செம்பனைக்கு மேலே பறந்த டிரோன்: சுங்கை சிப்புட் சைட்டிலிருந்து

முதலில் எங்கள் சைட்டை அளந்த டிரோன்காரர்களுக்கு என் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். பறக்கவிட்ட பையன்களுக்கு ஐந்து, கொடுத்த கோப்புகளுக்கு ஒன்று. கூட்டிப் பாதியாக்கினால் ஐந்துக்கு மூன்று.

லிந்தாங் பக்கம் பழைய செம்பனைத் தோட்டம் ஒன்று தாமானாகிறது, அதாவது குடியிருப்பாகிறது. மண்வேலை எங்கள் கையில். எங்கே எவ்வளவு வெட்டணும், எங்கே எவ்வளவு கொட்டணும் என்று தெரியாமல் லோரிக்குக் கணக்குப் போட முடியாது. அதற்குத்தான் முதலாளி இந்த டிரோன் அளவைக்காரர்களை அமர்த்தினார். விமானத் துறை, ஜூப்பெம் (நில அளவைத் துறை) அனுமதிகளை அவர்களே வாங்கிவிட்டார்கள். காலையில் பனி விலகியதும் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் மூட்டை கட்டியாச்சு. ஆள் விட்டு லெவல் (தரை உயரம்) எடுப்பதைவிட மலிவும்கூட.

வந்த முப்பரிமாண மாடல் அழகு. திரையில் சுழற்றிக் காட்டியபோது முதலாளி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அது போட்டோக்களைக் கோத்து எடுத்த மாடல். கேமராவுக்குத் தெரிவது மரத்தின் மண்டைதான். மென்பொருள் மரங்களைக் கழித்துவிட்டு, இடைவெளியில் தெரிந்ததை வைத்துத் தரையை ஊகித்திருந்தது. வெட்டிய மட்டையை வரிசையாக அடுக்கிப் போடுவார்கள் என்பது தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். மென்பொருளுக்கு அது மேடு. செடி மூடிய வடிகால் அதற்குச் சமதரை. பேக்ஹோ (மண் தோண்டும் இயந்திரம்) ஓட்டும் தம்பி இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, படத்துல மேடுன்னு போட்டிருக்கு, இங்க மட்டைதாண்ணே கிடக்கு" என்றான்.

ஓர் ஏக்கரில் 30 சென்டிமீட்டர் தப்பினாலே 1,200 கன மீட்டருக்கு மேல் மண் தப்பும். லோரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தாலும் நூற்றிருபது நடை. யார் பாக்கெட்டிலிருந்து போகும்?

போட்டோவுக்குப் பதில் லைடார் (லேசரால் அளக்கும் கருவி) வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஓலைச் சந்து வழியாக லேசர் தரையைத் தொடும், உண்மைதான். மட்டைக் குவியலை அதுவும் துளைக்காது.

அடுத்த தலைவலி ஆயத்தொலைவு, அதாவது ஒவ்வொரு புள்ளியும் வரைபடத்தில் எங்கே என்று சொல்லும் எண்கள். டிரோன் தரவு தீபகற்பம் முழுவதற்கும் பொதுவான ஆர்எஸ்ஓ முறையில், எல்லைக்கல் பிளான் பேராக் மாநிலத்துக்கென்று தனியாக உள்ள கசினி முறையில். இரண்டையும் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எந்த முறை என்று கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அது இல்லை. எங்கள் டிராஃப்டர் பெண் கண்ணளவில் இழுத்துப் பொருத்திக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

(கோப்புக்குப் பெயர் வைப்பதில் மட்டும் இவர்களைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. கட்டுமானக் கோப்புகளை ஒழுங்காக வைக்கச் சொல்லும் சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 19650 வந்தது 2018இல். எங்கள் சைட்டில் இன்னும் "ஃபைனல்", "ஃபைனல் 2", "லேட்டஸ்ட் ஃபைனல்"தான். வாட்ஸ்அப்பில் கடைசியாக விழுந்தது எதுவோ அதுதான் செல்லும். ஆலோசகர் ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் அனுப்புவார், எங்கள் பழைய ரெவிட் திறக்கவே திறக்காது.)

நியாயமாகச் சொன்னால், மரத்தையெல்லாம் சாய்த்து, மட்டையை வாரிய பிறகு மறுபடியும் வந்து பறக்கவிட்டார்கள். காசு கேட்கவில்லை. வெறும் தரையில் எடுத்த அந்த அளவு எங்கள் லெவல் கருவியோடு நன்றாகவே ஒத்துப்போனது.

அமர்த்த நினைப்பவர்கள் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்: எந்த ஆயத்தொலைவு முறை, எந்தக் கோப்பு வடிவம், எந்தப் பதிப்பு, தரையில் எத்தனை புள்ளிகளை நேரில் சரிபார்ப்பார்கள். மரம் நிற்கிற நிலத்துக்கு நான் இவர்களைக் கூப்பிடமாட்டேன். வெட்டிய மண்ணை மாதாமாதம் அளந்து பில் போட இவர்கள் போதும்; அதற்குப் பேசி முடித்தாயிற்று.