சோற்றுப் பொட்டலமா, நலவாரியப் பதிவா: தவக்காலத்தில் இளையோருக்கு எது?

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் தேவாலயப் பங்கின் இளையோர் குழு சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது வழக்கம். சுலபமான வேலை, ஞாயிறு பூசை முடிந்து கிளம்பினால் மதியத்துக்குள் முடிந்துவிடும், சின்னப் பிள்ளைகளும் சேரலாம். பசித்தவருக்குச் சோறு போடுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் ஏன் கை நீட்ட வேண்டியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை (போட்டோ மட்டும் தவறாமல் எடுக்கிறோம்).

இன்னொன்று, வீட்டு வேலை, கட்டட வேலை செய்பவர்களை அரசின் தொழிலாளர் நலவாரியத்திலும், அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிய ஒன்றிய அரசு 2021-இல் கொண்டுவந்த இ-ஷ்ரம் தளத்திலும் பதிய உதவுவது. இது இழுக்கும். ஆதாரில் பழைய போன் நம்பர் இருக்கும், இ-சேவை மையத்தில் சர்வர் படுத்துவிடும். ஆனால் படிவம் நிரப்பும்போதே சம்பளம் எவ்வளவு, லீவு உண்டா, பிரசவச் செலவுக்கு எங்கே கடன் வாங்கினார்கள் என்ற பேச்சு தானாக வரும். நியாயமான கூலி பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் எழுதியதை அப்புறம் மறைக்கல்வி வகுப்பில் எடுத்தால் உடனே பிடிபடும்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. பத்தாம் வகுப்புக்குக் கீழே என்றால் சரி, பொட்டலமே போதும். ஓடிபி, வங்கி விவரத்தை மட்டும் பெரியவர் ஒருவர் கூட இருந்து பார்க்கட்டும்.