அரிசோனாவா, மிச்சிகனா? தொலைவில் வாழ்பவருக்கான க்ரையானிக்ஸ் ஏற்பாடு

பிற்காலத்தில் உயிர்ப்பிக்க முடியும் என்ற நம்பிக்கையில், இறந்தபின் உடலையோ தலையையோ மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜனில் பாதுகாக்கும் க்ரையானிக்ஸ் ஏற்பாட்டை நியூ ஜெர்சியிலிருந்து செய்துகொள்ள நினைப்பவர் முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை இரண்டு நிறுவனங்கள். ஒன்று, 1972இல் தொடங்கப்பட்டு இன்று அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் இயங்கும் அல்கார். மற்றது, ராபர்ட் எட்டிங்கர் 1976இல் நிறுவிய, மிச்சிகனின் கிளின்டன் டவுன்ஷிப்பில் உள்ள க்ரையானிக்ஸ் இன்ஸ்டிட்யூட். இரண்டையும் விசாரித்தபின் நான் அல்காரில் சேர்ந்தேன். இப்படிப் பாதுகாக்கப்பட்ட எவரும் இதுவரை உயிர்ப்பிக்கப்பட்டதில்லை என்பது இரண்டுக்கும் பொது என்பதால், அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை.

கட்டணத்தில் மிச்சிகனை மிஞ்ச முடியாது. அங்கே ஆயுள் உறுப்பினருக்கு 28,000 டாலர் போதும். அல்காரிலோ முழு உடலுக்கு 2,20,000, தலைக்கு மட்டும் 80,000, அதற்குமேல் ஆண்டுச் சந்தா. பெரும்பாலோர் ஆயுள் காப்பீட்டின் மூலமே இதைச் செலுத்துவதால், இளம் வயதில் சேருபவருக்கு வித்தியாசம் மாதத் தவணையில் கரைந்துவிடுகிறது. தொலைவிலும் மிச்சிகனே அருகில்; சாலை வழியாகவே ஒரே நாளில் போய்விடலாம்.

ஆனால் கிடங்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைவிட, இதயம் நின்ற முதல் சில மணி நேரத்தில் படுக்கையருகே யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியம். ரத்த ஓட்டம் நின்ற உடல் வெதுவெதுப்பாகவே கிடந்தால், மூளையின் நுண்ணிய ரத்தநாளங்கள் அடைபடத் தொடங்கும். பிறகு, பனிப்படிகம் உருவாகாமல் தடுக்கும் உறைகாப்புத் திரவத்தைச் செலுத்தினாலும் அடைபட்ட பகுதிகளுக்கு அது எட்டாது. எட்டாத இடத்தில் நீர் பனிப்படிகங்களாக மாறித் திசுவைச் சிதைக்கும். அல்காரின் ஸ்டாண்ட்பை குழு, மரணம் நெருங்குகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே வந்து காத்திருக்கும். அமெரிக்காவுக்குள் அந்தச் செலவு கட்டணத்திலேயே அடங்கும். மரணம் சட்டப்படி அறிவிக்கப்பட்டவுடன் உடலைப் பனிநீர்த் தொட்டியில் கிடத்தி, மார்பை அழுத்தும் இயந்திரத்தால் ரத்தத்தை ஓடவைத்து, அது உறையாதிருக்க ஹெப்பாரின் முதலான மருந்துகளை ஏற்றுகிறார்கள். தலையை மட்டும் பாதுகாக்கும் ஏற்பாட்டில், உறைகாப்புத் திரவத்தை உள்ளூரிலேயே செலுத்தி, உலர்பனிக்கட்டியில் மைனஸ் 79 டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்பவும் முடிகிறது. அதன்பின் பயண நேரம் பெரிய பொருட்டல்ல. நான் முழு உடலை விட்டுத் தலையைத் தேர்ந்ததற்குக் கட்டணத்தைவிட இதுவே காரணம்.

மிச்சிகன் ஏற்பாட்டில் இந்த முதற்கட்ட வேலை, உறுப்பினர் தாமே ஏற்பாடு செய்யும் உள்ளூர் இறுதிச்சடங்கு நிலையத்தின் பொறுப்பு. எங்கள் ஊரில் அப்படி ஒருவரிடம் பேசியபோது அவர் பொறுமையாகக் கேட்டார். பனிக்கட்டி வைக்கவும் விமானத்தில் அனுப்பவும் இசைந்தார். ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு அழைத்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வரும் என்பதற்கு அவரால் உறுதி தர இயலவில்லை. மார்பழுத்தமும் மருந்தும் அவர் தொழிலில் இல்லாதவை. உறைகாப்புத் திரவமோ உடல் கிளின்டன் டவுன்ஷிப் சேர்ந்த பிறகுதான் செலுத்தப்படும். இத்தகைய ஸ்டாண்ட்பை குழுவை அனுப்பும், புளோரிடாவிலுள்ள சஸ்பெண்டட் அனிமேஷன் நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் செய்து இந்தக் குறையை ஈடுகட்டலாம்; அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 28,000 என்ற கவர்ச்சி பெருமளவு போய்விடுகிறது.

புற்றுநோய் போல முன்னறிவிப்புத் தரும் நோய்க்குத்தான் இந்த வாதம் பொருந்தும். சாலை விபத்திலோ தூக்கத்திலோ இறந்தால், அல்கார் குழுவும் தாமதமாகத்தான் வரும். பிரேதப் பரிசோதனை நடந்தால் இரண்டு ஏற்பாடுகளுமே ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிடும். சமய நம்பிக்கையின் பேரில் பிரேதப் பரிசோதனையை ஆட்சேபிக்கும் சான்றிதழுக்கு இடமளிக்கும் சில மாநிலங்களில் நியூ ஜெர்சியும் ஒன்று என்பதால், அத்தகைய நம்பிக்கை உடையவர்கள் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் அதில் கையெழுத்திட்டு வைப்பது நல்லது. அல்கார் குழு உண்மையில் எவ்வளவு விரைவாக வந்து சேரும் என்பதை நான் நேரில் கண்டதில்லை. அறிக்கைகளைப் படித்தே சொல்கிறேன். காப்பீடு கிடைக்காத வயதில், கையில் முப்பதாயிரம் டாலர் மட்டும் உள்ளவருக்கு நான் மிச்சிகனையே பரிந்துரைப்பேன். நோய் முற்றும் முன்பே கிளின்டன் டவுன்ஷிப் பக்கம் உள்ள ஹாஸ்பிஸ் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) ஒன்றுக்கு மாறிவிடச் சொல்வேன்.