ஷானியா ட்வைன் ‘குயின் ஆஃப் மீ’: கட்டை இறங்கிடுச்சு, ஆனா குரல் வந்துடுச்சு

கனடா பாடகி ஷானியா ட்வைனோட இந்த ஆல்பம் வந்தது 2023 பிப்ரவரி 3ஆம் தேதி. நான் ஒழுங்கா உக்காந்து கேட்டது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு, ஈஎன்டி டாக்டர் என்னை பத்து நாளைக்கு வாயே திறக்கக் கூடாதுன்னு சொன்னப்பத்தான். நான் காரிமங்கலம் பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சர், வீடு தர்மபுரி. ஒரு க்ளாஸ்ல அம்பத்திரெண்டு பிள்ளைங்க, மேல ஃபேன் கடகடன்னு ஓடும், வெளிய ஹைவேல கிரானைட் லாரி ஹாரன் அடிச்சிக்கிட்டே போவும், இது எல்லாத்துக்கும் மேல என் குரல் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரணும். பன்னெண்டு வருஷம் கத்துனதுல தொண்டைல முடிச்சு விழுந்துடுச்சு, வோக்கல் நாட்யூல்னு சொன்னாங்க. அந்த பத்து நாள் அம்மா “சாம்பாரா ரசமாடி”ன்னு கேட்டா ஒரு விரல் ரெண்டு விரல்னு காட்டுவேன், காதுல மட்டும் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், அப்படித்தான் ஷானியா திரும்ப என்கிட்ட வந்தாங்க.

திரும்பன்னு ஏன் சொல்றேன்னா, பெங்களூர்ல கம்பெனில வேலை பாத்த எங்க மாமா ஒரு தீபாவளிக்கு வரும்போது ‘கம் ஆன் ஓவர்’ கேசட் வாங்கிட்டு வந்தாரு, நான் அப்ப ஏழாவது. 1997ல வந்த அந்த ஆல்பம் உலகம் பூரா நாலு கோடிக்கு மேல வித்துச்சுன்னு பின்னாடிதான் படிச்சேன், அப்ப அதெல்லாம் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும், ஆனா அந்தக் குரல்ல ஒரு துள்ளல் இருக்கும் பாருங்க, புதுசா கறந்த பால் மாதிரி நுரையோட, அதுக்காகவே டேப் தேயத் தேய கேட்டேன். 2002ல ‘அப்’னு அடுத்தது வந்துச்சு. அப்புறம் ஆளையே காணோம், பதினஞ்சு வருஷம் புது ஆல்பமே இல்ல.

என்ன ஆச்சுன்னா 2003ல டூர் நேரத்துல ஒரு உண்ணி கடிச்சிருக்கு. உண்ணின்னா நம்ம ஊர்ல யாருக்குத் தெரியாது, பாலக்கோட்டுல எங்க பாட்டி மாட்டு காது மடலைத் திருப்பித் திருப்பிப் பாத்து ஒவ்வொண்ணா பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பால போடுவாங்க, நான் பக்கத்துல உக்காந்து எண்ணுவேன். அந்த அம்புட்டூண்டு பூச்சி கடிச்சதுல லைம்னு ஒரு காய்ச்சல் வந்து, மேடைல நிக்கும்போதே கண்ணு இருட்டிருக்கு, போகப் போக குரலுக்குப் போற நரம்பையே அது கெடுத்துடுச்சு. அது உண்ணியால வந்த வினைன்னு தெரியவே பல வருஷம் ஆயிருக்கு. இதுக்கு நடுவுல 2008ல அவங்க பாட்டையெல்லாம் ப்ரொட்யூஸ் பண்ணுன புருஷனோட பிரிவு. நினைச்சுப் பாருங்க, பாட்டுக்கு ஆளும் இல்ல, பாட குரலும் இல்ல.

இதுக்கு முன்னாடியே அவங்க பட்டது கொஞ்சமில்ல. கனடால டிம்மின்ஸ்னு ஒரு சுரங்க ஊர்ல வறுமைல வளந்து, எட்டு வயசுலயே பார்ல பாடி வீட்டுக்கு காசு குடுத்தவங்க. 1987ல அம்மா அப்பா ரெண்டு பேரும் கார் ஆக்சிடன்ட்ல போயிட்டாங்க, அப்ப இவங்களுக்கு 22 வயசு, தம்பி தங்கச்சிய வளக்க ஒரு ரிசார்ட்ல தினம் பாடியிருக்காங்க. குரல்தான் அந்த வீட்டு உலைல அரிசி. அது போச்சுன்னா என்ன போச்சுன்னு நமக்குப் புரியும்.

சரி ஆல்பத்துக்கு வரேன். 2017ல ‘நௌ’னு ஒண்ணு வந்துச்சு, அது நேரா அமெரிக்கா பில்போர்டு ஆல்பம் பட்டியல்ல முதல் இடத்துக்குப் போச்சு, எல்லா பாட்டையும் அவங்களே தனியா எழுதுனாங்க, அதுக்கு எவ்வளவு மரியாதை குடுத்தாலும் தகும். ஆனா குரல்? நான் அதையும் அந்தப் பத்து நாள்ல கேட்டேன், கேக்கும்போது என் தொண்டையே வலிச்சுது. நாட்யூல் இருக்கறவங்களுக்கு, நரம்பு பலவீனமானவங்களுக்கு எல்லாம் ஒரு விஷயம் தெரியும், உயிரெழுத்துல ஆரம்பிக்கிற வார்த்தைதான் எமன். ‘அம்மா’ன்னு சொல்லப் போனா முதல்ல காத்து வரும், அப்புறம்தான் சத்தம் வரும், ‘ஹம்மா’ன்னு கேக்கும். ஏன்னா தொண்டைக்குள்ள சத்தம் எழுப்புற குரல் நாண் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும், ஒட்டலைன்னா நடுவுல சந்து, அந்த சந்து வழியா காத்து வீணாப் போவும், ஒரு வரி பாட வேண்டிய மூச்சு அரை வரிலயே தீந்துரும். ‘நௌ’ல அந்தக் காத்து எனக்குக் கேக்குது. குரல் மேல குரலா அடுக்கி மறைச்சிருக்காங்க, ஆனா பாதிக்கப்பட்டவ காதுக்குத் தப்பாது.

2018ல ஆப்பரேஷன். வாய் வழியா இல்ல, கழுத்தை வெளிய கிழிச்சு பண்ற ஆப்பரேஷன், ரெண்டு தடவை பண்ண வேண்டியிருந்துச்சுன்னு அவங்களே பேட்டில சொல்லியிருக்காங்க. உள்ள கோர்டெக்ஸ்னு ஒரு பொருளை முட்டுக் குடுத்து வச்சிருக்காங்க, மழைக்கோட்டுல எல்லாம் வருமே அதே கோர்டெக்ஸ். கதவு சரியா சாத்தாம காத்துல ஆடிக்கிட்டே இருந்தா அட்டைய மடிச்சு சந்துல சொருகுவோமே, ஏறக்குறைய அதே வேலைதான், ஒதுங்கிப்போன நாணை நடுவுக்குத் தள்ளி வைக்கிறது. என் கதை வேற, எனக்கு நரம்புல ஒண்ணுமில்ல, ஆப்பரேஷனும் தேவைப்படல, சேலத்துல ஸ்பீச் தெரபி குடுத்தாங்க. ஆனா கழுத்துல கத்தி வைக்க சம்மதிக்கறதுன்னா, அதுவும் பாடறதே பொழப்பா இருக்கற ஒருத்தங்க, திரும்ப வராமலே போனாலும் போகட்டும்னு துணிஞ்சு படுத்தாங்களே, எனக்கு நினைச்சாலே புல்லரிக்குது.

அந்த ஆப்பரேஷனுக்கு அப்புறம் வந்த ஆல்பம்தான் இந்த ‘குயின் ஆஃப் மீ’, அவங்களோட ஆறாவது. பன்னெண்டு பாட்டு, தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல ஏறி ப்ளே பண்ணுனா காரிமங்கலத்துல இறங்கும்போது கடைசி பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான் நீளம், எனக்கு தினம் காலைல அளவெடுத்து தச்ச மாதிரி.

முதல் பாட்டு ‘கிடி அப்’. கைதட்டல் தாளம், டான்ஸ் பாட்டு, வண்டி கிளம்புற நேரத்துக்கு நல்லா இருக்கு. ஆனா நான் கவனிச்சது வேற, வார்த்தை ஒவ்வொண்ணும் தொட்ட உடனே பிடிக்குது. முன்னாடி காத்து இல்ல, இழுவை இல்ல, ஸ்விட்ச் போட்டதும் லைட் எரியற மாதிரி. ‘நௌ’வ கேட்டுட்டு உடனே இதைக் கேட்டீங்கன்னா உங்களுக்கே தெரியும், இதுக்கு சங்கீதம் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல.

இப்ப நிறைய பேரு சொல்ற குறை என்னன்னா பழைய குரல் இல்ல, தடிச்சுப் போச்சு, கட்டை, அதாவது பாடற சுருதி, இறங்கிடுச்சுன்னு. ஆமா இறங்கிடுச்சு, யாரு இல்லன்னா. 1997ல இருந்த அந்த மேல் ஸ்தாயி துள்ளல் இதுல கிடையாது. ஆனா மேல போறதுதான் குரலோட பலம்னு யாரு சொன்னது? ஒரு சுரத்தைப் பிடிச்சா அது ஆடாம நிக்கணும், வரி முடியற வரைக்கும் மூச்சு இருக்கணும், மெதுவா பாடும்போதும் சத்தம் உடையக் கூடாது, இதுதான் பலம். இதுல அந்த மூணும் இருக்கு. கீழ்ஸ்தாயில ஒரு கனம் வந்திருக்கு, தாம்பாளத்தைத் தட்டுனா ஒரு சத்தம், வெண்கலப் பானையத் தட்டுனா ஒரு சத்தம், ரெண்டும் வேற, ரெண்டாவதுக்கு கார்வை ஜாஸ்தி. பழைய குரலைத் தேடிக்கிட்டு இந்த ஆல்பத்துக்குள்ள போனீங்கன்னா கைல இருக்கறதை விட்டுடுவீங்க.

‘இன்ஹேல் எக்ஸ்ஹேல் ஏர்’னு ஒரு பாட்டு, ஆல்பத்துல எனக்கு உசுரு அதுதான். அவங்களுக்கு கோவிட் வந்து நிமோனியாவாகி நுரையீரல் அடைச்சு வான்வழியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற அளவுக்கு ஆயிருக்கு, பிழைச்சு வந்து மூச்சுக் காத்துக்கே நன்றி சொல்லி எழுதுன பாட்டு. இதைக் கேட்டு நான் பஸ்ல அழுதிருக்கேன். பாட்டு சோகம் கிடையாது, ஜாலியாதான் போவுது, ஆனா எனக்கு தெரபில சொல்லிக் குடுத்த பயிற்சி இருக்கே, டம்ளர்ல பாதி தண்ணி ஊத்தி, அதுல ஸ்ட்ராவ ரெண்டு விரக்கடை முக்கி, ‘ஊ’ன்னு சத்தம் குடுத்துக்கிட்டே ஊதணும். தண்ணி ஒரே சீரா கொதிக்கணும், நடுவுல குமிழி நின்னு நின்னு வந்தா மூச்சு சீரா இல்லன்னு அர்த்தம். தினம் காலைல அஞ்சு மணிக்கு கிச்சன்ல நின்னு ஊதுவேன், முதல் வாரம் மூணு செகண்டுக்கு மேல நிக்கல. குமிழி நிக்காம பத்து செகண்ட் போன அன்னிக்கு இந்தப் பாட்டைத்தான் போட்டு சத்தமா கேட்டேன். மூச்சை ஒரு பொருளா கைல எடுத்துப் பாத்தவங்களுக்குத்தான் இந்தப் பாட்டோட அருமை முழுசா தெரியும்.

‘லாஸ்ட் டே ஆஃப் சம்மர்’ பழைய காதல் ஞாபகம், குரலை ஒளிச்சு வைக்காம முன்னாடி விட்டிருக்காங்க, அதனாலயே ரொம்பப் பிடிக்கும். கடைசி பாட்டு ‘தி ஹார்டஸ்ட் ஸ்டோன்’ல அந்த வெண்கலக் கனம் முழுசா இருக்கு, இந்த மாதிரி இன்னும் நாலு பாட்டு வச்சிருந்தா இது வேற லெவல் ஆல்பம் ஆயிருக்கும். ‘வேக்கிங் அப் ட்ரீமிங்’ பளபளப்பா வேகமா போவும், டைட்டில் பாட்டு ஓகே. ‘ப்ரெட்டி லயர்’, ‘காட் இட் குட்’ இது ரெண்டையும் நான் இப்பல்லாம் தாண்டிடறேன், வார்த்தைல ஒண்ணுமில்ல.

என் பெரிய வருத்தம் ப்ரொடக்‌ஷன்தான். இதுல வேலை செஞ்சவங்கள்ல டேவிட் ஸ்டூவர்ட் ஒருத்தர், கொரியா பாட்டுக் குழு பிடிஎஸ்ஸோட ‘டைனமைட்’ பாட்ட எழுதுனவங்கள்ல அவரும் உண்டு, என் எட்டாவது பசங்ககிட்ட சொன்னப்ப “நெஜமாவா மிஸ்”னு எகிறுனாங்க. அந்த பளபளப்பு டான்ஸ் பாட்டுக்கு சரி, ஆனா நிறைய இடத்துல குரல் மேல பாலிஷ் போட்டு வழுவழுன்னு ஆக்கிட்டாங்க. இவ்வளவு கஷ்டப்பட்டு, கழுத்தை அறுத்து மீட்டுட்டு வந்த குரல், அதுல இருக்கற சொரசொரப்பும் தழும்பும்தான் எங்களுக்கு வேணும், அதை ஏன் தேய்க்கணும்? ஒரே ஒரு பாட்டாவது வெறும் கிட்டாரோட, ஒரு குரலோட விட்டிருக்கலாம். இதுக்காக அஞ்சுக்கு ஒரு ஸ்டார் கண்டிப்பா குறைப்பேன்.

நாலு ஸ்டார் குடுக்கறேன். குரல் போய் வந்தவங்க, டீச்சருங்க, கோயில்லயோ சர்ச்லயோ பாடறவங்க, கச்சேரிக்குப் போறவங்க எல்லாரும் கட்டாயம் கேளுங்க. போன் ஸ்பீக்கர்ல வேண்டாம், அதுல கீழ்ஸ்தாயி கேக்கவே கேக்காது, சாதா வயர் இயர்போன் போதும். முதல்ல ‘நௌ’ல ரெண்டு பாட்டு, அப்புறம் இது, இந்த வரிசைல கேட்டாத்தான் வித்தியாசம் முகத்துல அறையும். அவங்க வாழ்க்கையைப் பத்தி 2022ல ‘நாட் ஜஸ்ட் எ கேர்ள்’னு ஒரு டாக்குமென்டரி நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துச்சு, ஆல்பத்துலயும் அதே பேர்ல பாட்டு இருக்கு, அதையும் பாத்துட்டு வந்தீங்கன்னா இன்னும் நல்லது.

அப்புறம் டீச்சருங்களுக்கு ஒண்ணு, தொண்டை கட்டுனா கனைக்காதீங்க, குசுகுசுன்னு பேசுனா தொண்டைக்கு ரெஸ்ட்னு நினைக்காதீங்க, அது இன்னும் கெடுதல்னு எனக்கு தெரபில சொன்னாங்க, தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க. மூணு வாரத்துக்கு மேல குரல் சரியாகலைன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க. நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல மைக் கேட்டப்ப “இத்தனை வருஷம் மைக் இல்லாமதான நடந்துச்சு”ன்னு சொல்லிட்டாங்க, கடைசில இடுப்புல கட்டுற சின்ன ஸ்பீக்கர் மைக் நானே வாங்கிக்கிட்டேன், கடைசி பெஞ்சு வரைக்கும் இப்ப கத்தாமயே கேக்குது.

எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு இந்தத் தடவை என்னைப் பாடச் சொல்லியிருக்காங்க. முன்னாடி அஞ்சரைக் கட்டைல பாடுவேன், கீபோர்டு சார்கிட்ட நாலு கட்டைக்கு இறக்குங்க சார்னு நானே சொன்னேன், அவரு ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டு “இதுலதான் மேடம் உங்க குரல் நிக்குது”ன்னாரு. சனிக்கிழமைல இருந்து ப்ராக்டீஸ்.