வேலூர் வெயிலில் கேமிங்: லேப்டாப்பா, அசெம்பிள் சிஸ்டமா?

என் அறை சத்துவாச்சாரியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. மே மாத மதியம் 3 மணிக்கு மேசை மேல் இருக்கும் தெர்மாமீட்டர் 38 டிகிரி காட்டும். ஃபேன் ஓடினாலும் அனல் காற்றுதான். அந்த அறையில் இரண்டு கோடையை ஒரு கேமிங் லேப்டாப்போடும், அடுத்த இரண்டை ஒரு அசெம்பிள் சிஸ்டத்தோடும் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய டெஸ்க்டாப்) கழித்துவிட்டேன். அதனால் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், பட்ஜெட்டைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

லேப்டாப்பை ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். டிசம்பரில் அருமையாக ஓடியது. ஏப்ரல் பிறந்ததும் கதை மாறியது. ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆனால் போதும், விநாடிக்கு 110 பிரேம் (திரையில் மாறும் படங்கள்) ஓடிக்கொண்டிருந்தது 60க்கு இறங்கிவிடும். பிராசஸர் சூடு 97 டிகிரி. டபிள்யூ பட்டனுக்கு மேலே இருக்கும் உலோகப் பட்டையில் விரலை இரண்டு விநாடி வைக்க முடியாது. பழுதாகிவிட்டது என்று பயந்து சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். அங்கே ஏசி அறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். ஹீட்சிங்க்கும் (சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு) ஃபேனும் சிப்பை அறைக் காற்றை விடக் குளிராக்க முடியாது. காற்றின் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அவற்றால் பிடித்து வைக்க முடியும். நாம் பார்க்கும் விமர்சன வீடியோக்கள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி வரை இருக்கும் அறைகளில் எடுத்தவை. அங்கே 72 டிகிரி காட்டும் டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டு (ஆட்டத்தின் படங்களை உருவாக்கும் பாகம்) என் அறையில் ஏறக்குறைய 85 காட்டும். அது பரவாயில்லை, தாங்கும். ஆனால் அங்கேயே 88 காட்டும் லேப்டாப்புக்கு மேலே ஏற இடமே இல்லை. 95, 100 என்று எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயில் வேலூரில் இருக்கிற வரை லேப்டாப்புக்கு இந்தத் தலைவலி உண்டு.

டெஸ்க்டாப்பில் சூட்டைத் தாங்க இடம் இருக்கிறது. என் கேபினெட்டின் முன்பக்கம் வலை வைத்தது. கண்ணாடி முகப்பு பார்க்க அழகுதான், ஆனால் நம் ஊருக்கு வேண்டாம் என்பேன். மாதம் ஒருமுறை பக்கத் தகட்டைக் கழற்றி, ப்ளோயரால் தூசியை ஊதுகிறேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் தாறுமாறாகச் சுற்ற விடக்கூடாது. ரோட்டுத் தூசி ஒரு மாதத்தில் வலையில் சாம்பல் நிறத் துணி மாதிரி படிந்துவிடுகிறது. லேப்டாப்பில் இதே வேலைக்குப் பின் மூடியின் பத்துப் பன்னிரண்டு திருகைக் கழற்ற வேண்டும். வாரண்டி போய்விடுமோ என்ற பயம் வேறு.

சரி, லேப்டாப் ஜெயிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். கரண்ட் கட். லேப்டாப் பேட்டரிக்கு மாறியதே தெரியாது. வேகம் குறையும், ஆனால் ஆட்டம் நிற்காது. டெஸ்க்டாப்பில் ரேங்க் மேட்ச் நடுவே திரை கருத்துப்போனால் அந்த வலி ஆடுபவர்களுக்குத்தான் தெரியும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நானும் நினைத்தேன், ஒவ்வொரு முறையும் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனது. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் நார்மல், மறுபக்கம் யுபிஎஸ். நார்மலில் மாறும் நேரம் அதிகம். நல்ல எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குள் மின்சாரம் தரும் பெட்டி) தன்னிடம் இருக்கும் சார்ஜை வைத்து முழு லோடில் சுமார் 16 மில்லிசெகண்டுதான் தாக்குப்பிடிக்கும். அதாவது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கும் குறைவு. ஸ்விட்ச்சை யுபிஎஸ் பக்கம் தள்ளியதும் என் பிரச்சினை தீர்ந்தது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அதில் மாட்டாதீர்கள், சைன் வேவ் வேண்டும். தனி யுபிஎஸ் வாங்குபவர்கள் 600 விஏ என்று எழுதியிருப்பதை 600 வாட் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது 360 வாட்தான். ஆட்டத்தின்போது மானிட்டரோடு 300 வாட் இழுக்கும் சிஸ்டத்துக்கு 1000 விஏக்குக் குறையக் கூடாது.

மின் கட்டணம் நினைத்த அளவு பெரிய விஷயமில்லை. தினம் 4 மணி நேரம் ஆடினால், 300 வாட் டெஸ்க்டாப் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட், 180 வாட் லேப்டாப் 43 யூனிட். ஏசி ஓடும் வீட்டில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும் இந்த 29 யூனிட் வித்தியாசம் முக்கியம்.

இனி கார்டு. இங்கே ஆடுபவர்கள் இரண்டு கட்சி. வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும் ஆடும் நண்பர்கள் கார்டில் 8 ஜிபி மெமரி போதும், மானிட்டருக்குக் காசு போடு என்பார்கள். அவர்கள் ஆட்டத்துக்கு அது சரி. கதை ஆட்டங்களை டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்பு நுணுக்கம்) முழுசாக வைத்து ரசிப்பவர்கள் 8 ஜிபியில் விட்டு விட்டு நிற்கும் பிரேமைப் பார்த்து நொந்தவர்கள். நான் இரண்டாவது கட்சி. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 145 வாட், 8 ஜிபி. அதே வருடம் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி மாடல் 160 வாட். 15 வாட் கூடுதலுக்கு இரண்டு மடங்கு மெமரி என்பதால் என் ஓட்டு இதற்குத்தான். 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி, ஆனால் 190 வாட். பழைய பிராசஸரோடு சேர்த்தால் அதன் வேகம் நன்றாகவே குறைகிறது, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் போர்டின் செட்டிங்ஸ்) ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதி) இயக்கியிருக்கவும் வேண்டும். பழைய சிஸ்டத்தில் கார்டை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம்.

லேப்டாப் வாங்குபவர்கள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பி ஏமாறுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 5070க்கு 12 ஜிபி மெமரி, 6144 கோர், 250 வாட். லேப்டாப் 5070க்கு 8 ஜிபி, 4608 கோர், வழக்கமாக 100 வாட்டுக்குள். பெயர் ஒன்று, சிப் வேறு. கடையில் அந்த லேப்டாப் மாடலில் கார்டுக்கு எத்தனை வாட் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

அசெம்பிள் செய்பவர்களுக்கு வரும் ஒரு தொல்லை லேப்டாப்காரர்களுக்குப் பெரும்பாலும் வராது. விண்டோஸ் 11 போட்டு வேலோரன்ட் திறந்தால் வேன் 9001 என்று பிழை காட்டி நின்றுவிடும். டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயாஸில் இயங்க வேண்டும். எனக்குப் பூட்டிக் கொடுத்த கடையில் பழைய பூட் முறையிலேயே விட்டிருந்தார்கள், டிஸ்க்கும் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருந்தது. அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றி, இரண்டையும் இயக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. சிஸ்டத்தை எடுத்து வருவதற்கு முன் கடையிலேயே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பழுது வந்தால்? லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் போர்டோடு பற்றவைத்தது. அது போனால் போர்டு முழுசும் மாற வேண்டும். டெஸ்க்டாப்பில் போனதை மட்டும் கழற்றி அனுப்பலாம். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு பகல் வேலைதான்.

ஒரே அறை, ஒரே மேசை என்று இருப்பவர்களுக்கு நான் அசெம்பிள் சிஸ்டத்தைத்தான் சொல்வேன், யோசிக்கவே வேண்டாம். ஹாஸ்டலில் தங்கி, விடுமுறைக்குக் குடியாத்தமோ ஆம்பூரோ போய் வருபவர்களுக்கு லேப்டாப்பைத் தவிர வழியில்லை. இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்த அக்கா மகனுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தோம். பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்த்தும் ஸ்டாண்டு ஒன்றும் கூடவே கொடுத்து, பிரேமை 60இல் கட்டி வைக்கவும் பிராசஸரின் டர்போவை (தானாக வேகம் கூட்டும் வசதி) அணைக்கவும் சொல்லிக் கொடுத்தேன். போன வாரம் போன் செய்தான். "மாமா, 82க்கு மேல ஏறல" என்றான்.